எண்ணில்லாத சீட்டு

காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்குமுன்
டெப்ரா சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தாள்:
ஆறு மீட்டர்.
அதற்குள் வேட்பாளர்கள் சிரிக்கக் கூடாது,
சரி, சிரிக்கலாம்,
துண்டுத்தாள் நீட்டக் கூடாது.

டூங்காபியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழ் என் மேசை.
அடிமட்டம், பேனா, தடித்த பட்டியல்,
கழுத்து அட்டையில் பாதிப் பெயர்:
மங்கையர்க்கரசி அச்சில் அடங்கவில்லை.

கேட்க வேண்டியவை மூன்று.
பெயர் என்ன. எங்கே குடியிருக்கிறீர்கள்.
இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்தீர்களா.
மூன்றாவதற்கு எல்லோரும்
செய்யாத திருட்டுக்கு முழிப்பதுபோல் முழித்து
இல்லை என்கிறார்கள்.
அடிமட்டம் வைத்துப் பெயர்மேல் நேராக ஒரு கோடு.
அதற்கு மேல் இங்கே சாட்சி கிடையாது.

இராசநாயகம்
இடக்கைச் சுண்டுவிரலை நீட்டியபடி நின்றார்.
மை இல்லையோ தங்கச்சி?
இல்லை அண்ணை.
அப்ப நான் திரும்பி வந்து இன்னொருக்கா போட்டால்?
வரமாட்டீங்கள். பார்க்கிங் கிடைக்காது.
விரலை ஒருதரம் பார்த்தார்,
மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே செப்டம்பர்.
மேக்பை குஞ்சு காக்கும் காலம்.
யூகலிப்டஸ் கிளையிலிருந்து பாய்ந்து
வருகிறவர் உச்சந்தலையைக் குறிவைத்தது.
எல்லாக் கட்சித் துண்டுத்தாள்களும்
அன்றுதான் ஒரே வேலைக்கு உதவின.
சாசேஜும் வெங்காயமும் கருகும் வாசத்தில்
வரிசை தானாகவே அந்தப் பக்கம் வளைந்தது.

பதினொரு மணிக்கு ஒரு பெண், செவிலியர் உடுப்பு,
இரவு வேலை முடித்த கண்.
பட்டியலில் தேடினேன். இல்லை.
முகவரி கேட்டால், என் தெருவேதான்,
எதிர்ச்சாரி.
இந்த ஊரை மூன்று கவுன்சில்கள்
பங்கு போட்டிருக்கின்றன அம்மா,
நம் சாலையின் நடுவில் ஒன்று முடிகிறது.
உங்கள் குப்பைத்தொட்டி பிளாக்டவுனுடையது,
என்னுடையது பரமாட்டா.
உங்கள் வாக்கும் தொட்டியோடுதான் போகும்.
வேறு பள்ளிக்கூடம், பத்து நிமிடம்.
போகாமல் தூங்கிவிட்டால்?
அபராதம் வரும்.
அது மட்டும் சரியான வீட்டுக்கு வந்துவிடும்.
கொட்டாவியும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

ஆறு மணிக்குக் கதவடைப்பு.
முத்திரை உடைத்துப் பெட்டியைக் கவிழ்த்தோம்.
மேசைவிரிப்பு அகலச் சீட்டுகள்.
தடித்த கோட்டுக்கு மேலே ஒரு குழுவுக்கு
ஒன்று என்று போட்டால் போதும்.
கீழே என்றால் ஆளாளுக்கு வரிசை எண்.
ஒருவர் கடைசி ஆள்வரை எண்ணிட்டிருந்தார்,
யாரைக் கடைசியில் தள்ளுவது என்ற இடத்தில்
பென்சில் தாளைக் கிழித்திருந்தது.
இன்னொருவர் பூனை வரைந்திருந்தார்.
நல்ல பூனை.

பிறகு அந்தச் சீட்டு.
கட்டங்கள் அத்தனையும் வெறுமை.
ஓரத்தில், அவசரமில்லாத கையெழுத்தில்:
எங்கட தெருவில ரெண்டு மாசமா லைட் எரியேல்ல.

டெப்ரா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
உன் மொழியா? இதில் எண் ஏதாவது உண்டா?

எங்கட என்பதில் ஒரு க இருக்கிறது.
பழைய கணக்கில் க என்றால் ஒன்று.
அதை நான் சொல்லவில்லை.
எண் இல்லை என்றேன்.
செல்லாதவற்றின் அடுக்கில்
பூனைக்கு மேலே வைத்தாள்.

வீட்டுக்கு நடந்தபோது பத்தரை.
யார் எழுதியது என்று தேடக் கூடாது,
ரகசியம் ரகசியம்தான்.
இருட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை.
மூன்று கம்பங்கள் அணைந்து கிடந்தன,
இரண்டு எங்கள் சாரியில்,
ஒன்று பிளாக்டவுனில்.
வேடிக்கை, கம்பம் எந்தக் கவுன்சிலுடையதும் அல்ல.
மின்கம்பெனியுடையது.
அவர்களுக்கு யாரும் வாக்களிப்பதில்லை,
போன் செய்தால் கேட்பார்கள்: கம்பத்தின் எண் என்ன?

கைபேசி வெளிச்சத்தில்
தகட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.
மூன்றாவது துருப்பிடித்திருந்தது.
கடைசி இலக்கம் ஏழா, ஒன்றா?
காலையிலிருந்து பழகிய கண்.
ஒன்று என்றே எடுத்துக்கொண்டேன்.